விருந்தும் மருந்தும்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். விருந்தைப் பற்றி அவர்கள் சொன்னதில் எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. நாலாம் நாளும் பெட்டியைக் கட்டாத விருந்தாளிகளை நானும் அறிவேன். ஆனால் மருந்தைப் பற்றி அவர்கள் சொன்னது என் தமக்கையார் விஷயத்தில் முற்றிலும் பொய்த்துப் போயிற்று. அவருக்கு மார்பில் புற்றுநோய் கண்டு, சஸ்திர சிகிச்சை முடிந்த பிறகு, கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சை ஆரம்பமாயிற்று. மருந்து உடம்பில் ஏறுவது என்னவோ ஒரே நாள்தான். சில மணி நேரத்துக்குள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அந்த ஒரு நாள் மருந்தின் ஆர்ப்பாட்டம் அடங்குவதற்கு 21 நாட்கள் பிடித்தன. அடங்கியதோ இல்லையோ, அடுத்த தவணை வந்துவிடும். இவ்விதம் நான்கு தவணைகள்.

இந்தச் சிகிச்சை என்றவுடனே எல்லோருக்கும் தலைமயிர் உதிர்வதுதான் நினைவுக்கு வருகிறது. அது வருத்தமான விஷயந்தான். ஆயினும், நாள்தோறும் மூன்று வேளையும் ஒரு வீட்டைத் திணற அடிப்பது மயிர் அல்ல, சோறு. அந்தச் சோற்றுப் பிரச்னையைப் பற்றியே இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

எங்கள் தாயாருக்கு வயது 84. ஒருவருடைய உடம்பு தேறி வருகிறதா என்பதை அவர் நாடி பிடித்துப் பார்ப்பதில்லை. இலையைப் பார்த்தே தெரிந்துகொள்வார். இலையில் மிச்சம் இல்லையென்றால் தேறுகிறது, இருந்தால் இல்லை. அவருடைய வைத்திய சாஸ்திரம் அவ்வளவுதான். முதல் தவணைக்கு ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் அன்று காலையில், தெம்பாகப் போகட்டும் என்று, மகளுக்கு மிகவும் பிரியமான சுண்டைக்காய் வற்றற் குழம்பும் சுட்ட அப்பளமும் செய்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். அன்றிரவு வாந்தி ஆரம்பித்தது. அதற்குப் பிறகு, தெருக்கோடியில் எந்த வீட்டிலாவது குழம்பு கொதித்தால்கூட என் தமக்கையாரின் முகம் மாறிவிடும். நாற்பது வருஷத்துப் பிரியம் ஒரே ராத்திரியில் விரோதமாகிவிட்டது.

இது மன பலவீனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1978-ம் ஆண்டில் அமெரிக்காவில் வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்னும் மனோதத்துவ அறிஞர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். கீமோதெரபி பெறவிருந்த குழந்தைகளுக்கு, அவர்கள் அதற்கு முன் ருசித்தறியாத ஒரு வகை ஐஸ்கிரீமை மருந்துக்குச் சற்று முன்னால் கொடுத்தார். சில வாரங்கள் கழித்து அதே ஐஸ்கிரீமை நீட்டியபோது, வயிற்றைப் புரட்டும் மருந்து பெற்ற குழந்தைகளில் பெரும்பாலோர் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஐஸ்கிரீமை வெறுக்கும் குழந்தையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வயிறு குமட்டினால், கடைசியாகத் தின்ற பண்டத்தின் மேல் பழியைப் போடுவது உடம்பின் ஆதி வழக்கம். விஷத்தைத் தின்று பிழைத்த பிராணி மறுமுறை அதைத் தொடாதிருப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. குழம்பு நிரபராதி என்பது அறிவுக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியாது. இதே அறிஞரும் அவருடைய சகாக்களும் பின்னால் மற்றொன்றும் கண்டார்கள். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவே பழக்கமில்லாத ருசியுள்ள மிட்டாய் ஒன்றைக் கொடுத்துவிட்டால், பழி பெரும்பாலும் அந்த மிட்டாயின் தலையில் விடிகிறது, சாப்பாடு தப்பித்துக்கொள்கிறது. புது வீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுகிறோமே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே மருந்து ஏறும் தினத்திலும் அதற்கு அடுத்த இரண்டொரு நாளிலும், நோயாளிக்குப் பிரியமான பண்டங்களைச் சமைக்கவே கூடாது. பிரியமில்லாத, ஆனால் வெறுப்பும் இல்லாத சாதாரண ஆகாரம் போதும். இதை முன்கூட்டி யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் வற்றற் குழம்பு பிழைத்திருக்கும்.

மார்பில் உள்ள நோய்க்குக் கொடுக்கும் மருந்து வாயையும் வயிற்றையும் ஏன் வதைக்க வேண்டும் என்று என் தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. புற்றுநோயின் அணுக்கள் ஓயாமல் இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. இம்மருந்துகளிற் பல, அவ்விதம் வேகமாகப் பெருகும் அணுக்களையே குறி வைத்துத் தாக்குகின்றன. ஆனால் நம் உடம்பிலேயே நல்ல நோக்கத்துடன் வேகமாகப் பெருகும் அணுக்களும் இருக்கின்றன. குடலின் உட்புறத்தை மூடிய மெல்லிய தோல் 3 முதல் 5 நாட்களுக்குள் புதிதாகிறது. வாயின் உட்புறத் தோலுக்கு ஒன்று அல்லது இரண்டு வாரம். மயிர்க்கால்களும், எலும்புக்குள் இரத்தம் ஊறும் இடமும் அவ்விதமே. மருந்துக்கு முகம் பார்க்கத் தெரியாது; வேகத்தைத்தான் பார்க்கும்.

இந்தச் சரித்திரத்தின் ஆரம்பத்தில் நம் சென்னை வைத்தியக் கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1895-ல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், மகாத்மாவின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியில் கதர் உடுத்தினார். அதனால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்துடன் வெளியேறினார். பிற்பாடு அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சி சாலையின் தலைவராயிருந்தபோது, அவருடைய மேற்பார்வையில் அமினாப்டெரின் என்ற மருந்து உருவாயிற்று. அதைத்தான் பாஸ்டன் நகரில் ஸிட்னி ஃபார்பர் என்னும் டாக்டர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகப் பின்வாங்குவதை 1948-ல் உலகுக்கு அறிவித்தார். அதே வருஷம் சுப்பாராவ் காலமானார். அம்மருந்தின் சகோதரமான மெதோட்ரெக்ஸேட் இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. நோய் பின்வாங்கிய அந்தக் குழந்தைகளுக்கு வாய் புண்ணாயிற்று என்பதையும் அன்றே டாக்டர்கள் கண்டார்கள். மருந்தும் வாய்ப்புண்ணும் ஒரே தொட்டிலில் பிறந்தவை.

நிற்க. குமட்டலுக்கு வருவோம். இம்மருந்துகள் குடலில் உள்ள சில அணுக்களை உசுப்பிவிட, அவை ஸெரடோனின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அது நரம்பின் வழியாக மூளையில் உள்ள வாந்திக் கேந்திரத்துக்குத் தந்தி அடிக்கிறது. இந்தத் தந்தியை வழியில் தடுக்கும் ஒண்டான்ஸெட்ரான் என்ற மருந்து 1991-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்பு, வாந்தி பொறுக்காமல் சிகிச்சையையே பாதியில் கைவிட்டவர்கள் உண்டு. இப்போது இதனுடன் இன்னும் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பெரும்பாலோருக்கு வாந்தியைத் தடுத்துவிட முடிகிறது. குமட்டலை அடக்குவதுதான் சற்றுச் சிரமம்.

ஆனால் மாத்திரை டப்பாவுக்குள் இருந்தால் என்ன பிரயோஜனம்? என் தமக்கையார் சிக்கனக்காரர். "வாந்தி வந்தால் போட்டுக்கொள்கிறேன். வராதபோது எதற்கு வீணாக மாத்திரை?" என்று எடுத்து வைத்துவிட்டார். தந்தி போய்ச் சேர்ந்த பிறகு கம்பியை அறுப்பதில் பலனில்லை. குறிப்பிட்ட வேளைகளில், குமட்டல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போட்டுக்கொள்ள வேண்டிய மாத்திரைகள் அவை. முதல் நாளைக் காட்டிலும் இரண்டாம் மூன்றாம் நாட்களில் குமட்டல் அதிகமாவதும் உண்டு. மாத்திரை போட்டும் அடங்கவில்லையென்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வேறு மருந்துகள் இருக்கின்றன. முதல் தவணையிலேயே இதை அடக்கிவிடுவது மிகவும் முக்கியம். இல்லையென்றால், ஆஸ்பத்திரித் தெரு முனையில் வண்டி திரும்பும்போதே வயிறு புரட்டத் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் மூன்றாம் தவணையில் அதுவும் நடந்தது.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. தாளிக்கும் வாசனைதான் முதல் சத்துரு. நோயாளியின் அறையைச் சமையலறைக்குத் தூரமாக வைத்துக்கொள்ளுவது நலம். சூடான ஆகாரத்தில் ஆவியோடு வாசனையும் எழும்புகிறது. ஆறின ஆகாரத்தில் அவ்வளவு இல்லை. ஆகவே "சூடாகச் சாப்பிடு" என்ற நம் வீட்டு உபசாரத்தைச் சில நாள் மறந்துவிடலாம். வயிறு முழுவதும் காலியாக இருந்தாலும் குமட்டும், நிறைந்தாலும் குமட்டும். எனவே இரண்டு மணிக்கு ஒரு தரம் ஒரு சிறு கிண்ணம். கஞ்சி நல்லதுதான்; ஆனால் வெறுங் கஞ்சியில் பலம் இல்லை. அதில் பயத்தம் பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்த்தால் பலமும் உண்டு, தொண்டையிலும் இறங்கும். முட்டை சாப்பிடுகிறவர்கள் நன்றாக வெந்த முட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். மோரில் இஞ்சி தட்டிப் போடுவதில் தவறில்லை. அதுவே மாத்திரைக்குப் பதில் என்று நினைப்பதுதான் தவறு. அடுத்த வீட்டார் அன்போடு கொண்டுவரும் லேகியங்களும் சூரணங்களும் டாக்டருக்குத் தெரியாமல் உள்ளே போகக் கூடாது. சில மூலிகைகள் மருந்தின் வேகத்தைக் கூட்டும், சில குறைக்கும்.

எங்கள் மருமகப் பெண் ஒரு யுக்தி கண்டுபிடித்தாள். எந்த ஆகாரத்திலும் காசைக் கடித்த மாதிரி ஓர் உலோக ருசி அடிக்கிறது என்று என் தமக்கையார் சொல்லிக்கொண்டிருந்தார். இது இந்த மருந்துகளால் சாதாரணமாக வருவதுதான். அவள் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் அகற்றிவிட்டு, வாழையிலையிலும் மரக்கரண்டியிலும் கொடுக்க ஆரம்பித்தாள். உலோக ருசி அடியோடு போய்விடவில்லை, பாதியாகக் குறைந்தது. பாதி என்பது அந்த நாட்களில் பெரிய லாபம்.

பிறகு, வாய் வறட்சி. ஆரோக்கியமாயிருப்பவர்கள் எச்சிலைப் பற்றி நினைப்பதே இல்லை. ஒருவர் வாயில் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரையில் உமிழ்நீர் சுரக்கிறது. ஆகாரத்தை நனைப்பதும், ருசியை நாக்குக்குக் கொண்டு சேர்ப்பதும், பற்களைக் காப்பதும் அதுவே. கீமோதெரபியினால் அது குறைகிறது. வாந்தியை அடக்கும் மருந்துகளிலும் வலியைத் தணிக்கும் மருந்துகளிலும் சில அதை மேலும் வறளச் செய்கின்றன. கழுத்திலோ முகத்திலோ கதிர் வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இந்த வறட்சி வெகு காலம் நீடிக்கும். மருந்தினால் மட்டும் வந்தது சாதாரணமாகச் சிகிச்சைக்குப் பின் மெள்ள நீங்கிவிடும். ஆனால் இருக்கும்போது அது செய்யும் அட்டகாசம்! தோசையை மென்றால் மணலை மெல்வது போல் இருக்கிறது என்றார் என் தமக்கையார். பேச ஆரம்பித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பழைய ரயில் பிரயாணக் கூஜா ஒன்று பரணில் கிடந்தது. அதை இறக்கித் துலக்கி, ஜலம் நிரப்பிப் பக்கத்திலேயே வைத்தோம். தாகம் எடுக்கும்போது ஒரு செம்பு குடிப்பதல்ல, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு வாய் நனைத்துக்கொள்வதுதான் இதற்குப் பரிகாரம். வறண்ட பொரியலும் வறுவலும் ரொட்டியும் விலக்கு. மோரில் குழைந்த சாதம், பாலில் ஊறின இட்லி, நீர்க்கக் கரைத்த கேழ்வரகுக் கூழ் ஆகியவை எளிதில் இறங்கும். வாயில் புண் இல்லாதபோது ஒரு துண்டு நெல்லிக்காயை ஒதுக்கிக்கொண்டால் நீர் ஊறும். புண் இருந்தால் நெல்லிக்காய் நெருப்புக்குச் சமானம். சர்க்கரை இல்லாத மிட்டாயைச் சுவைக்கலாம். சர்க்கரை மிட்டாய் கூடாது, ஏனென்றால் உமிழ்நீர் இல்லாத வாயில் பற்கள் சீக்கிரம் சொத்தையாகும். எச்சில் ஊறட்டும் என்று வெற்றிலை பாக்குப் போடச் சிலர் யோசனை சொன்னார்கள். புகையிலையைப் போல் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் தீர்மானித்திருக்கிறார்கள். இருக்கிற நோய் போதாதா?

வாய் கொப்பளிப்பதற்குக் கடையில் விற்கும் எரிச்சல் திராவகங்கள் வேண்டாம். அவற்றில் பலவற்றில் உள்ள மதுசாரம் வாயை இன்னும் உலர்த்திவிடும். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான ஜலத்தில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடாவும் அதில் பாதி உப்பும் கரைத்து, நாளைக்கு ஐந்தாறு தரம் கொப்பளித்துத் துப்பினால் போதும். பல் துலக்க மிருதுவான பிரஷ். மருந்து ஏறும்போது பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டால், சில மருந்துகளால் வரும் வாய்ப்புண் குறைகிறது. ஆனால் எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து நரம்புகளைக் குளிர்ச்சிக்குக் கூசும்படி செய்துவிடுவதால், அதைப் பெறுகிறவர்கள் குளிர்ந்த ஜலத்தைத் தொட்டாலே கை விரல்கள் சுரீரென்று குத்தும். தொண்டையும் அடைப்பது போலிருக்கும். அவர்களுக்குப் பனிக்கட்டி ஆகாது. ஒரு நோயாளிக்குப் பலித்த யோசனையை மற்றொருவர் கேட்டவுடன் கைக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இனி, இக்கட்டுரையை நான் எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தவணையில் ஏழாம் நாள் என் தமக்கையாருக்கு வாயில் புண் கண்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் தமக்காக அலைகிறார்களே, இன்னும் ஏன் தொந்தரவு என்று நினைத்தாராம். தாயார் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு, "ஒரே ஒரு வாய், என் கண்ணல்லவா?" என்பார். மகள் தாயாரைத் திருப்தி செய்வதற்காக வாங்கி வாயில் ஒதுக்கிக்கொண்டு, அவர் அப்பால் போனதும் துப்பிவிடுவார். கூஜா ஜலமும் அப்படியே இருந்தது. விழுங்கினால் வலித்தது. பத்தாம் நாள் இரவு உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. உஷ்ணமானி 101 டிகிரி காட்டியது. சுக்குக் கஷாயம் கொடுத்துப் பொழுது விடியட்டும் என்றார் தாயார். நானும் அதுதான் சரி என்று சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். மருமகப் பெண் எங்கள் இருவரையும் கேட்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வண்டியை வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டாள்.

இரத்தத்தில் நோயுடன் போராடும் வெள்ளணுக்கள் அப்போது மிகவும் குறைந்திருந்தன. மருந்துக்குப் பின் இரண்டாவது வாரத்தில் அவை குறைவது வழக்கம். வாய்ப்புண் முற்றுவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். புண்ணாகிய வாயும் குடலும் கதவு திறந்த வீட்டைப் போல் ஆகி, அங்கே குடியிருக்கும் கிருமிகள் இரத்தத்துக்குள் புகுந்துவிடுகின்றன. காவற்காரர்களோ இல்லை. இத்தகைய ஜுரத்தில் சில மணி நேரத் தாமதங்கூட உயிருக்கு ஆபத்தாய் முடியலாம் என்று டாக்டர் சொன்னார். கீமோதெரபி பெறுகிறவருக்கு 100.4 டிகிரி, அதாவது 38 சென்டிகிரேட், காட்டினால் நள்ளிரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் ஜுர மாத்திரை கொடுத்துச் சூட்டை மறைக்கவும் கூடாது. நாலு நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றிய பிறகு தமக்கையார் வீடு திரும்பினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. தினமும் குடித்த ஜலம், வாயின் நிலை, உஷ்ணம், வயிறு போன விவரம் எல்லாவற்றையும் அதில் பென்சிலால் குறித்தோம்.

வயிறு போன விவரம் என்றேன். நாகரிகக் குறைவு என்று நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இதைச் சொல்லக் கூசியே பலர் அவதிப்படுகிறார்கள். வாந்தியை அடக்கும் ஒண்டான்ஸெட்ரான் மலத்தைக் கட்டும். என் தாயார் உடனே விளக்கெண்ணெய்ப் புட்டியைத் தேடினார். அதுவும் எனிமாவும் டாக்டர் உத்தரவில்லாமல் கூடாது. வெள்ளணு குறைந்திருக்கும்போது எனிமாவினால் ஏற்படும் சிறு கீறலும் கிருமிக்கு வாசல். டாக்டர் சொன்ன மிருதுவான பேதி மருந்தை முன்கூட்டியே ஆரம்பித்ததில் சரியாயிற்று. வேறு சில மருந்துகள் இதற்கு நேர் விரோதமாய் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வழக்கத்தைக் காட்டிலும் நாலு தடவைக்கு மேல் போனால் சொல்லி அனுப்ப வேண்டும். அதற்கிடையில், காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் ஜலத்தில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், இரண்டையும் தலை தட்டி அளந்து, கரைத்துக் கொடுக்கலாம். அப்போது பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, மோர் ஒத்துக்கொள்ளும்.

மூன்றாம் நான்காம் தவணைகளில் தாயாரே மாறிப் போனார். கிண்ணத்தை நீட்டுவதை விட்டுவிட்டு, "வாயைத் திற, பார்க்கிறேன்" என்று மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருவார். புண்ணோ, வெள்ளை படிந்தாற் போலோ ஏதாவது தென்பட்டால் மருமகப் பெண்ணைக் கூப்பிடுவார்.

சிகிச்சை முடிந்து இப்போது ஐந்து மாதம் ஆகிறது. உமிழ்நீர் ஏறக்குறையத் திரும்பிவிட்டது. ருசிகளில் புளிப்பு முதலில் வந்தது, காப்பியின் கசப்பு கடைசியில் வந்தது. போன வாரம் என் தமக்கையார் தாமாகவே சமையலறைக்குள் போய், சுண்டைக்காய் வற்றல் டப்பாவைத் திறந்து, தூர வைத்துக்கொண்டு முகர்ந்து பார்த்தார். பிறகு மூடிவிட்டார்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அம்மா" என்றார்.

தாயார் ஒன்றும் சொல்லாமல் டப்பாவை வாங்கி, கைக்கு எட்டுகிற தட்டிலேயே வைத்தார்.